நானிக்கு ஜூரி சம்மன் வந்தால்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் நானி வைத்துப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு வணக்கம்.

உங்களில் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஜூரி சம்மன் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்காரக் கோர்ட் அனுப்பும் அழைப்பு) வந்தால் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: மேனேஜருக்கு ஒரு மெயில், ஹெச்.ஆர். தளத்தில் 'ஜூரி டியூட்டி' என்று ஒரு விடுப்புப் பதிவு. பெரிய கம்பெனிகளில் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. அதே சம்மன் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வந்தால், அவர் கோர்ட்டில் உட்கார்ந்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை சம்பளம் போடும்போதுதான் அந்தப் பேச்சே வருகிறது. அதற்குள் மனக்கசப்பும் வந்துவிடுகிறது.

உங்களுக்கு உங்கள் கம்பெனி செய்வதை நீங்கள் அவருக்குச் செய்யுங்கள். அதையும் சம்மன் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். இந்த மடல் கேட்பது அதைத்தான்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத சங்கதி என்பது புரிகிறது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அங்கே ஜூரி முறையே போய்விட்டது. இலங்கையில் சட்டப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் ஜூரியில் உட்கார்ந்த ஒருவரைப் பார்த்திருப்பவர்கள் குறைவு. அதனால் சம்மனைப் பார்த்ததும் 'இது அவருடைய சொந்த வேலை, சொந்த லீவு' என்று தோன்றுகிறது. அவர் கேட்டு வாங்கிய லீவு இல்லை இது. போகாவிட்டால் ஃபெடரல் கோர்ட்டில் 1,000 டாலர் வரை அபராதம், 3 நாள் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

முதலில் கணக்கு. மணிக்கு 22 டாலர், நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மணிக்கு 880 டாலர், ஓவர்டைம் 5 மணிக்கு 33 டாலர் வீதம் 165, ஆக 1,045. அந்த வாரம் 3 நாள் கோர்ட்டுக்குப் போனால் உங்கள் வீட்டில் வேலை செய்தது 18 மணி நேரம், 396 டாலர். குறைவது 649. நியூஜெர்சி மாநில கோர்ட் முதல் 3 நாளுக்குத் தருவது நாளொன்றுக்கு 5 டாலர். ஆம், ஐந்துதான், 4ஆம் நாளிலிருந்து 40. ஆக 649 போன இடத்தில் 15 டாலருக்கு ஒரு செக், அதுவும் சில வாரம் கழித்து வரும். எடிசனில் ஒரு வேளை காபி, டிபனுக்கு அது சரியாக இருக்கும்.

மற்ற இடங்களிலும் கோர்ட் தரும் தொகை சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஃபெடரல் கோர்ட்டில் நாளுக்கு 50 டாலர். நியூயார்க்கில் 40 ஆக இருந்தது 2025 ஜூன் 8 முதல் 72 ஆனது. டெக்சஸில் 2023 செப்டம்பரிலிருந்து முதல் நாளுக்கு 20, அதன்பின் 58. கலிஃபோர்னியாவில் முதல் நாளுக்கு ஒன்றுமில்லை, 2ஆம் நாளிலிருந்து 15 டாலரும் பயணப்படியும். தொகைகள் அவ்வப்போது மாறும். சம்மனிலோ அந்தக் கோர்ட்டின் தளத்திலோ இருப்பதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வைத்தவர் சம்பளம் தரவேண்டுமா? நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் 1974 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும். ஆனால் வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் தரச் சொல்லி அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஜூரி நாளும் அதில் அடக்கம். மிச்சமெல்லாம் மாநிலத்தைப் பொறுத்தது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

மாசசூசெட்ஸில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். அங்கே முதல் 3 நாளுக்கு வழக்கமான சம்பளத்தை வேலை கொடுத்தவரே தரவேண்டும். கம்பெனி பெரிதா சிறிதா என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு நானி வைத்திருக்கும் வீடும் இதில் வரும். பகுதிநேரம், தற்காலிகம், அவ்வப்போது வருவது எல்லாமே கணக்கில் சேரும். சம்மனுக்கு முந்தைய 3 மாத வழக்கத்தை வைத்து வேலை நேரம் இவ்வளவு என்று சொல்ல முடிந்தால் போதும். 'எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் மதியம் மட்டும்தான் வருகிறார்' என்பது விலக்கு ஆகாது. 4ஆம் நாளிலிருந்து மாநிலம் 50 டாலர் தரும். கடுமையான பண நெருக்கடி என்றால் வேலை கொடுத்தவர் கோர்ட்டில் விலக்குக் கேட்கலாம்; இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீட்டுக்கு அது கிடைக்கும் என்று கனவு காணவேண்டாம்.

கொலராடோ கிட்டத்தட்ட இதே அச்சு. ஆனால் நாளுக்கு 50 டாலர் வரைதான் கட்டாயம். கனெக்டிகட்டில் வாரம் 30 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு முதல் 5 நாள் சம்பளம் வேலை கொடுத்தவர் பொறுப்பு. நியூயார்க்கில் 10 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்டாயம். உங்கள் வீடு அதில் வராது, கோர்ட் தரும் 72 டாலர்தான் அவருக்கு. நியூஜெர்சி, டெக்சஸ், கலிஃபோர்னியாவில் தனியார் வீட்டுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

சம்பளம் கட்டாயமில்லாத இடத்திலும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஃபெடரல் ஜூரி என்றால் நிரந்தரப் பணியாளரை நீக்குவதோ மிரட்டுவதோ மீறலுக்கு 5,000 டாலர் வரை அபராதத்தில் முடியும். பெரும்பாலான மாநிலங்களும் தத்தம் சட்டத்தில் இதைத் தடுக்கின்றன. அரிசோனாவிலும் வர்ஜீனியாவிலும் அவருடைய வெகேஷன் நாளையோ சிக் லீவையோ இதற்குக் கழிக்கச் சொல்வதே தவறு. வர்ஜீனியாவில் இன்னொன்றும் உண்டு: பயண நேரத்தையும் சேர்த்து 4 மணி நேரமோ அதற்கு மேலோ ஜூரிக்குப் போன நாளில், மாலை 5 மணிக்கோ அதற்குப் பிறகோ தொடங்கும் வேலைக்கு வரச் சொல்லக்கூடாது. 'பகல் முழுக்க வரவில்லையே, ராத்திரி டின்னருக்குப் போகிறோம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பவர்கள் கவனிக்க.

சம்மன் கைக்கு வந்த அன்றே அதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை: ஃபெடரலா மாநிலமா, சாதாரண ஜூரியா கிராண்ட் ஜூரியா (ஒருவர் மீது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு), 'ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு' (அதோடு கடமை தீர்ந்தது) முறையா அல்லது வாரக்கணக்கில் அழைப்புக்குக் காத்திருக்கும் முறையா, கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பக் கடைசி நாள் எது. கிராண்ட் ஜூரி என்றால் அன்றே உட்கார்ந்து பேசுங்கள். ஃபெடரல் கிராண்ட் ஜூரி பொதுவாக 18 மாதம் வரை நீளலாம். தினமும் இருக்காது, ஆனால் அத்தனை மாதமும் குறிப்பிட்ட நாள்களில் அவர் வரமாட்டார்.

தள்ளிப்போடுவது பெரும்பாலான இடங்களில் சுலபம். முதல் முறை காரணம்கூட அதிகம் கேட்க மாட்டார்கள், ஆன்லைனிலேயே முடியும். மாசசூசெட்ஸில் ஓராண்டு வரை தள்ளலாம். எந்த வாரத்துக்குத் தள்ளுவது என்பதில்தான் சாமர்த்தியம். கோடை விடுமுறையிலோ டிசம்பரிலோ நீங்கள் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருப்பீர்கள் இல்லையா, அந்த வாரங்களில் ஒன்றைக் கேட்கலாம். மாற்று ஆள் தேடவேண்டாம். அந்த வாரங்களுக்கு ஏற்கெனவே சம்பளம் தருவதாக ஒப்பந்தம் இருந்தால் அவருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அது அவருடைய ஓய்வு வாரமும்கூட, அவரே தன் ஊருக்குப் போக நினைத்திருக்கலாம். சம்மன் அவர் பெயரில் வந்தது. தேதியைத் தேர்வது அவர். நீங்கள் யோசனைதான் சொல்லலாம். சம்பளமில்லாமல் ஊருக்குப் போகும் வீடுகள் இந்த யோசனையைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

அடுத்தது முந்தைய நாள் மாலை. பல கோர்ட்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு குழு எண் இருக்கும். மாலை 5 மணிக்குப் பிறகு போன் செய்தோ தளத்தில் பார்த்தோதான் 'நாளைக்கு இந்தக் குழு வரவேண்டும்' என்று தெரியும். சில கலிஃபோர்னியக் கோர்ட்டுகளில் காலையில் மறுபடி பார்க்கச் சொல்லி மதியம் வரச் சொல்வதும் உண்டு. அவர் பதினோரு மணிக்குக் கைக்குழந்தையோடு தனியாக உங்கள் வீட்டில் இருக்க, ஒரு மணிக்குக் கோர்ட்டில் நிற்கவேண்டும் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் அழைப்பு வந்த நாளுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு என்பது உதவாது; காத்திருப்பு வாரம் முழுதுக்கும் ஒருவர் தயாராக இருக்கவேண்டும். உங்கள் கம்பெனி அவசரக் குழந்தைப் பராமரிப்பு நாள்கள் தருகிறதா என்று பாருங்கள். தந்தாலும் பிள்ளையின் பெயர், தடுப்பூசிப் பதிவு எல்லாம் முன்கூட்டியே ஏற்றியிருக்கவேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்தால் புது விண்ணப்பப் படிவம்தான் வரும். விசிட்டர் விசாவில் பாட்டி தாத்தா வந்திருந்தால் பெரும்பாடு தீர்ந்தது. அவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். கூலி மட்டும் தரக்கூடாது.

கோர்ட் கட்டடத்துக்குள் போன் கொண்டுபோக விடாத இடங்கள் உண்டு. 'குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி' என்று பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்கும் பழக்கம் அன்றைக்கு நடக்காது. தூங்கும் நேரம், பால் அளவு, ஒவ்வாமை, டாக்டர் எண் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். அதை எழுதும் நேரமும் சம்பள நேரம்தான்.

விலக்குக் கேட்பது பற்றி. 'நான் குழந்தை பார்க்கிறேன், என்னை விடுங்கள்' என்று நானி சொன்னால் நீதிபதி உடனே தலையாட்டுவார் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. விதிகள் பேசுவது வேறு. நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும், ஜூரராக வருபவரே பார்த்துக்கொள்ளவேண்டிய பொறுப்பு இருந்து, பெரும் பணச் சிரமம் இல்லாமல் மாற்று ஏற்பாடு கிடைக்காது என்றால்தான் அது காரணமாக எடுபடும். அவருடைய சொந்தப் பிள்ளை, படுத்த படுக்கையான அம்மா என்றால் இது பொருந்தும். உங்கள் பிள்ளைக்கு அப்பா அம்மா நீங்கள் இருக்கிறீர்கள். இருவருக்கும் அன்று மீட்டிங் இருக்கிறது என்பதை எந்த நீதிபதியும் நெருக்கடியாக எடுத்துக்கொள்ள மாட்டார். நானி பக்கம் வலுவாக நிற்பது அவருடைய வருமானம்: சம்பளம் நின்றால் வாடகை கட்ட முடியாது என்பது. நியூஜெர்சி சட்டம் பண நெருக்கடியை எடைபோடும்போது வீட்டு வருமானம், ஈடு கிடைக்குமா, வழக்கு எத்தனை நாள் என்று மூன்றையும் பார்க்கச் சொல்கிறது.

ஆக, ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் நீதிபதி கேட்கக்கூடிய முக்கியமான கேள்வி: 'உங்களை வேலைக்கு வைத்திருப்பவர் சம்பளம் தருகிறாரா, எத்தனை நாளுக்கு?' வழக்கு இரண்டு நாளா மூன்று வாரமா என்பதும் அப்போதுதான் தெரியும். நெருக்கடியைச் சொல்லவேண்டிய நேரமும் அதுவே. ஜூரியாகப் பதவிப் பிரமாணம் எடுத்த பிறகு வெளியே வருவது கஷ்டம். 'தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்' என்பது அங்கே பதிலாகாது. அவர் கையில் ஒரு தாள் இருக்கவேண்டும்.

அந்தத் தாளை இப்படி எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறார், வாரம் எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன சம்பளம், ஜூரிக்கு எத்தனை நாள் சம்பளம் தருவோம், எந்த நாளிலிருந்து தர இயலாது, உங்கள் பெயர், கையெழுத்து, போன். 'அவர் இல்லாமல் எங்கள் குடும்பம் தத்தளிக்கும்' போன்ற வரிகள் வேண்டாம். சம்பளம் தரப்போகிறீர்கள் என்றால் தரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து அவரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். நீதிபதி அதை நம்பித் தீர்மானிப்பார். பொய் என்றால் மாட்டுவது அவரும் நீங்களும்தான்.

பணமாகக் கையில் கொடுத்துக் கணக்கில் காட்டாத வீடுகளுக்கு இங்கேதான் சிக்கல். சம்பளச் சீட்டு இல்லை, டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று) இல்லை என்றால் தன் வருமானம் எவ்வளவு நின்றுபோகும் என்று அவரால் காட்டவே முடியாது. மாசசூசெட்ஸில் 3 மாத வழக்கத்தைக் காட்டவும் வழியில்லை. ஒரே நானிக்கு 2025இல் 2,800 டாலர் அல்லது அதற்கு மேல், 2026இல் 3,000 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கட்டி ஷெட்யூல் ஹெச் (வீட்டுப் பணியாளர் வரிப் படிவம்) தாக்கல் செய்யவேண்டும் என்பது எப்படியும் சட்டம். ஜூரி நாளுக்கு நீங்கள் தரும் சம்பளமும் சம்பளமே. மற்ற நாள் போலவே அதிலும் இருதரப்பும் 7.65 சதவீதம்.

இனி ஒப்பந்தம். நியூஜெர்சியில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. மாசசூசெட்ஸில் வாரம் 16 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் கட்டாயம். எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள், ஜூரிக்கு ஒரு பத்தி சேருங்கள். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், சாரம் இது:

'பணியாளர் சம்மன் கிடைத்த 2 நாளுக்குள் நகல் தருவார். ஆண்டுக்கு 5 வேலை நாள் வரை, அந்த வாரத்தில் வழக்கமாக வரவேண்டிய முழுச் சம்பளமும் வழக்கமான நாளில் தரப்படும். 6 முதல் 10ஆம் நாள் வரை சம்பளத்துக்கும் கோர்ட் தரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் தரப்படும். அதற்கு மேல் சம்பளம் இல்லை, வேலை காத்திருக்கும். அழைப்புக்குக் காத்திருக்கும் நாளில் வழக்கம்போல் வேலை. மதியம் 1 மணிக்கு முன் விடுவித்தால் வேலைக்கு வருவார். அதன்பின் என்றால் வரவேண்டாம், சம்பளம் உண்டு. வெகேஷன், சிக் லீவு கழிக்கப்படாது.'

5, 10 என்பவை எங்கள் பரிந்துரை. உங்கள் மாநிலச் சட்டம் அதிகம் கேட்டால் அதுவே மேல். 'முழுச் சம்பளம்' என்று எழுதும்போது ஓவர்டைமும் சேருமா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முன்பு போட்ட கணக்கில் ஜூரி நாளுக்கு 8 மணி நேரம், சாதாரண விகிதம் என்று வைத்தால் 528, வேலை செய்த 396, ஆக 924; வழக்கத்தைவிட 121 டாலர் குறைவு. ஜூரி நேரம் வேலை செய்த நேரம் அல்ல என்பதால் ஃபெடரல் சட்டப்படி இது தவறில்லை. ஆனால் 'முழுச் சம்பளம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு 924 போட்டால் சண்டைதான். 1,045 என்று எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது. கோர்ட் தரும் தொகையைக் கழிப்பதாக இருந்தாலும் செக் வந்த பிறகு கழியுங்கள். நியூஜெர்சியின் 15 டாலரைக் கழிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். 

ஒரே நானியை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டால் இரு வீடுமே தனித்தனி முதலாளி. ஜூரி நாளில் ஒரு வீடு தருகிறது, இன்னொன்று தரவில்லை என்றால் பாதிச் சம்பளம்தான் வரும். அதனால் இரு ஒப்பந்தத்திலும் ஒரே பத்தி இருக்கட்டும்.

செலவு இரட்டிப்பாகிறதே என்பீர்கள். ஆம். மாற்று ஆளுக்கு மணிக்கு 25 டாலர், 27 மணி நேரம் என்றால் 675, அது தனி. ஆனால் ஒருமுறை ஜூரிக்குப் போனவரை நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் 3 ஆண்டு, நியூயார்க்கில் 6 ஆண்டு மாநிலக் கோர்ட் மறுபடி அழைக்காது (கலிஃபோர்னியாவில் 12 மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம்). நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆயிரத்துச் சொச்சம் டாலர் அது. பிள்ளைக் காப்புக்கான எஃப்.எஸ்.ஏ. கணக்கு (வரி பிடிக்கும் முன் சம்பளத்தில் ஒதுக்கி வைப்பது) இருந்தால் மாற்று ஆளின் செலவை அதிலிருந்து எடுக்கலாம். அதன் உச்சவரம்பு 2026 முதல் 7,500 டாலர்.

வரிக்கணக்கில், கோர்ட் தந்த தொகையை நானி தன் வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் 1இல் 8ஹெச் வரியில் காட்டவேண்டும். அதை உங்களிடம் கொடுத்திருந்தால் 24ஏ வரியில் கழித்துக்கொள்ளலாம். வரித் தயாரிப்பாளரிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

குடியுரிமை இல்லாத நானிக்கும் சம்மன் வரலாம். ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால். கிரீன் கார்டோ ஹெச்-4 (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான விசா) வேலை அனுமதியோ வைத்திருப்பவர் அதைக் குப்பையில் போடக்கூடாது. கேள்வித்தாளில் 'குடியுரிமை இல்லை' என்று குறித்து அனுப்பினால் முடிந்தது. தவறிப்போய்க்கூட 'குடியுரிமை உண்டு' என்று குறிக்கக்கூடாது. பொய்யாகக் குடியுரிமை கோரியதாகி, கிரீன் கார்டுக்கே ஆபத்து. உங்களில் பலருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

'ஜூரிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டில் பணம் கட்டு' என்று போன் வந்தால் அது மோசடி. கோர்ட் போனில் பணம் கேட்காது. சம்மன் வந்த வாரத்தில் பயந்துகொண்டிருக்கும் நானியிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். சந்தேகம் இருந்தால் சம்மனில் அச்சிட்ட எண்ணுக்கு அவரே கூப்பிட்டுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலையிலும் அவர்களின் சம்பளக் கணக்கிலும் இருக்கும் சிலர்